நின்றால் ஓடும் இதயம்

அத்திபெலே செக்போஸ்டுக்குத் தெற்கே தமிழ்நாடு. வடக்கே திரும்பினால் அதே ஓசூர் சாலை பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா என்று ஓடி ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை வாசலைத் தொட்டுவிடும். சாலையின் இந்த முனையில் தொழிற்பேட்டைகள், ஷிப்டு முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறவர்கள். அந்த முனையில் தன்னியக்க நரம்பு மண்டலத்தை அளக்கும் ஆய்வுக்கூடம். படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. நரம்புகள் உடனே ரத்தக் குழாய்களைச் சுருக்கி அதை ஈடுகட்ட வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. ரத்த அழுத்தம் விழாமலேயே, பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடிவிடுகிறது. பதின்வயதினருக்கு இந்த வரம்பு 40. கூடவே கிறுகிறுப்பு, படபடப்பு, கண்ணைக் கட்டும் சோர்வு. மூன்று மாதமாவது இது நீடித்தால் பாட்ஸ் என்கிறார்கள். இந்த நோயை எத்தனை வகையாகப் பிரிப்பது என்ற வழக்குக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. வகைகள் பிறந்ததில் நோயாளியின் உடலுக்கு எவ்வளவு பங்கோ, பிரித்தவரின் கருவிக்கும் தேவைக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது அந்த வரலாற்றைப் படித்தால் தெரியும்.

முதலில் பிரித்தது ராணுவம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்போடு வந்த சிப்பாய்களைக் கவனித்த ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா 1871இல் தன் கட்டுரையை வெளியிட்டார். பலருக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கடும் அணிவகுப்போ முன்னால் நடந்திருந்தது என்று அவர் குறித்துவைத்தது இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. முதல் உலகப் போரில் தாமஸ் லூயிஸ் இதை உழைப்பு நோய்க்குறி என்றார். யாரைப் போர்முனைக்குத் திருப்பி அனுப்பலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதே அவர் முன்னிருந்த கேள்வி; ஆகவே படிப்படியான உடற்பயிற்சியில் தாக்குப்பிடிப்பதை வைத்துப் பிரித்தார். 1941இல் பால் வுட், இதெல்லாம் பெரும்பாலும் மனப்பதற்றம் என்று தீர்ப்பெழுதினார். அந்தத் தீர்ப்பு இன்னும் பல புறநோயாளி அறைகளில் செல்லுபடியாகிறது. இத்தனைக்கும் 1940லேயே மேயோ கிளினிக்கின் மக்லீனும் ஆலனும் நின்றால் வரும் இதயவேகத்தைத் தனியாக விவரித்து, கட்டிலின் தலைமாட்டை உயர்த்திச் சிகிச்சையும் செய்திருந்தார்கள்.

1993இல் ஷோண்டார்ஃபும் லோவும் நோயின் நவீன வரையறைக்கு அடிகோலிய பிறகு பிரிப்பது ஆய்வுக்கூடத்தின் வேலையாயிற்று. வியர்வை நரம்புகளைச் சோதிக்கும் கருவி இருந்த இடத்தில் நரம்புச் சேத வகை தெரிந்தது. ரத்தத்தில் நார்அட்ரினலினை அளக்க முடிந்த இடத்தில் அட்ரினலின் மிகை வகை தெரிந்தது. நிற்கும்போது மில்லிலிட்டருக்கு 600 பைகோகிராம் என்பது அதன் எல்லைக்கோடு. ரத்தத்தின் கன அளவை அளந்தவர்கள் ரத்தக்குறைவு வகையைக் கண்டார்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 2000ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டது. கால்களில் மட்டும் நரம்புத் தூண்டல் குறைந்திருப்பதை ஒன்று காட்டியது. மற்றொன்று ஒரு பெண்ணிடமும் அவருடைய இரட்டைச் சகோதரியிடமும் நார்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சும் மரபணுவில் பிழை இருப்பதைக் காட்டியது. எல்லாம் மனப்பிரமை என்போருக்கு அந்த இரட்டையர் நல்ல பதில். ஆனால் அந்தப் பிழை மற்ற நோயாளிகளிடம் அபூர்வமாகவே கிடைத்தது. உடலின் எதிர்ப்புரதங்கள் உடலையே தாக்குகின்றன என்ற தன்னெதிர்ப்பு வகையின் கதியும் ஏறக்குறைய அதுதான்: 2014இல் நம்பிக்கை தந்த எதிர்ப்புரதங்கள், ஆரோக்கியமானவர்களிடமும் இருப்பதாக 2022 ஆய்வு சொல்லிவிட்டது.

வகை தெரிந்தால்தானே மருந்து தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரத்தக்குறைவு என்றால் உப்பும் நீரும், அட்ரினலின் மிகை என்றால் க்ளோனிடின், குழாய் சுருங்காவிட்டால் மிடோட்ரின் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மேயோ கிளினிக் 152 நோயாளிகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறக்குறைய பாதிப்பேருக்கு நரம்புச் சேதம், 29 சதவீதத்தினருக்கு அட்ரினலின் மிகை, கிட்டத்தட்ட அதே அளவினருக்கு ரத்தக்குறைவின் அடையாளம். மூன்றையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. அப்படியானால் ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியலில் இருக்கிறார். இவற்றைத் தனித்தனி நோயாக எண்ணுவதைவிட, ஒரே உடலில் தேட வேண்டிய பல கோளாறுகளாக எண்ணுவதே சிகிச்சைக்கும் உதவும்.

பெங்களூருக்கு இதில் தனக்கென ஒரு கதை உண்டு. நிம்ஹான்ஸின் முன்னோடியான அகில இந்திய மனநல நிறுவனம் 1954இல் தொடங்கியது. 1950களின் கடைசியில் அங்கே ஒரு யோகியைக் குழிக்குள் வைத்து மூடி, இதயத்துடிப்பையும் மூளையின் மின்னலைகளையும் பதிவு செய்தார்கள். தன்னியக்க நரம்புகளை மனத்தால் ஆள முடியுமா என்பது அன்றைய கேள்வி. பின்னாளில் மடிவாளா பக்கத்துச் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் மரியோ வாஸும் சகாக்களும் கேட்டது வேறு: நெடுநாள் அரைவயிறு சாப்பிட்ட உடம்பில் இந்த நரம்புகள் என்ன ஆகின்றன? நோய் எதுவும் இல்லாத, ஊட்டம் மட்டும் குறைந்தவர்களிடமும் இதயத்துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் குறைந்திருந்தது. யோகியின் குழி பத்திரிகைகளுக்குப் பிடித்த காட்சிதான். ஆனால் ஓசூர் சாலைக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டவர்கள் இவர்கள்.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். சோகை, தைராய்டு, நீரிழப்பு ஆகியவற்றால் வரும் இதயவேகத்தை பாட்ஸ் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வரையறையே சொல்கிறது. ஊட்டக்குறைவுக்கு இங்கே என்ன வேலை? உண்மை, சேர்க்கக் கூடாது. ஆனால் அந்த வரையறையை எழுதிய மருத்துவமனைகளில் சோகை விதிவிலக்கு. இந்தியாவிலோ 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்குச் சோகை. அங்கே கடைசி வரியில் வரும் விலக்கு இங்கே முதல் வரியாக வேண்டும். இந்தச் சாலையோரக் கார்மெண்ட்ஸ் ஆலையில் தையல்காரர் உட்கார்ந்திருப்பார். செக்கிங் டேபிளிலும் அயர்ன் டேபிளிலும் நிற்பவருக்குத்தான் முதலில் தலைசுற்றும். அவருக்கு ‘டென்ஷன்’ என்று மாத்திரை எழுதுவதும் தவறு, நேரே நார்அட்ரினலின் சோதனைக்கு அனுப்புவதும் தவறு. அத்திபெலே கிளினிக் மருத்துவர்களே, இதை மட்டும் செய்யுங்கள்: பத்து நிமிடம் படுக்கவைத்து நாடியையும் அழுத்தத்தையும் பாருங்கள்; பிறகு நிற்கவைத்து, இன்னொரு பத்து நிமிடம் இடைவிட்டு இடைவிட்டுப் பாருங்கள்; ஹீமோகுளோபினும் பி12ம் பார்த்துவிட்டு, அதிலும் விடை கிடைக்காதவர்களை நிம்ஹான்ஸுக்கு அனுப்புங்கள். நிற்பவர் பக்கத்தில் ஆள் இருக்கட்டும், மயங்கி விழக்கூடும்.