கீரைகளில் கன உலோக மாசு

கீரைகளில் கன உலோக மாசு என்பது காட்மியம், ஈயம், நிக்கல், துத்தநாகம், செம்பு முதலிய உலோகங்கள் மண், பாசன நீர், காற்றுத் தூசி ஆகியவற்றின் வழியாகக் கீரைச் செடிகளில் அளவுக்கு மிஞ்சிச் சேர்வதைக் குறிக்கும். இது செடியின் வளர்ச்சியையும் உண்பவரின் உடல்நலத்தையும் பாதிக்கின்றது. ஆயினும் இவ்விரு பாதிப்புகளும் எப்போதும் சேர்ந்தே நிகழ்வதில்லை. செழிப்பாக வளர்ந்த கீரையும் உண்ணத் தகாததாக இருக்கக்கூடும்.

சேரும் வழிகள்

நகரக் கழிவுநீர், மின்முலாம் பூசும் தொழிற்கூடங்களின் கழிவு, சுரங்க மண், உருக்காலைப் புகை ஆகியவை முதன்மையான மூலங்கள். பாசுபேட்டு உரங்களிலும் காட்மியம் சிறிதளவு கலந்துள்ளது. கீரைகள் விரைவாக வளர்பவை. அகன்ற இலைகளின் வழியே மிகுதியான நீரை ஆவியாக்குபவை. இலையே உணவாவதால், வேரிலிருந்து மேலேறும் உலோகம் நேராக உண்கலத்தை அடைகின்றது.

வளர்ச்சி மீதான விளைவு

முதலில் பாதிக்கப்படுவது வேர். அது குட்டையாகித் தடித்து, பழுப்பு நிறமடைகின்றது. இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றை உள்ளே கொண்டுசெல்லும் கடத்திப் புரதங்கள் வழியாகவே காட்மியமும் நுழைகின்றது. இதனால் இரும்புப் பற்றாக்குறை உண்டாகி, பச்சையம் குறைந்து, இளம் இலைகள் வெளிறுகின்றன. ஒளிச்சேர்க்கை தளர்வதால் இலை சிறுத்து விளைச்சல் குறைகின்றது. செடிகள் பைட்டோகெலாட்டின் எனப்படும் சிறு புரதக்கூறுகளை உருவாக்கி, உலோகத்தைப் பிணைத்து உயிரணுவின் நுண்குமிழ்களில் அடைத்துவைக்கின்றன. செடிக்கு இது தற்காப்பு. உண்பவருக்கோ உலோகம் இலையிலேயே இருக்கின்றது.

மண்–தாவரத் தடை

அமெரிக்க மண்ணியலாளர் ரூபசு சேனி 1980இல் இக்கருத்தை முன்வைத்தார். துத்தநாகம், செம்பு, நிக்கல் ஆகியவை மனிதருக்குத் தீங்கான அளவை எட்டுமுன்பே செடியைக் கருக்கிவிடும். ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். இலையில் காணப்படும் ஈயத்தில் பெரும்பங்கு தூசியாகவும் மண்ணாகவும் ஒட்டியதே. காட்மியம் மட்டும் இத்தடையை எளிதில் கடக்கின்றது. இலைக்கறிகளில் காட்மியத்திற்கு உணவு விதித்தொகுப்பு ஆணையம் விதித்துள்ள வரம்பு கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராம். கீரையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர் என்பதால் உலர் எடையில் இது சுமார் 2 மில்லிகிராம் ஆகும். செடியில் நச்சு அறிகுறிகள் தோன்றவோ பொதுவாக உலர் எடையில் 5 முதல் 30 மில்லிகிராம் வரை சேரவேண்டும். இந்த இடைவெளியில் உள்ள கீரையைக் கண்ணால் பார்த்து இனங்காண இயலாது. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி.

மண்ணின் தன்மை

இங்கிலாந்தின் சோமர்செட்டிலுள்ள சிப்பம் என்னும் சிற்றூரில் முன்னர்த் துத்தநாகச் சுரங்கங்கள் இருந்தன. இயல்பான மண்ணில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும் காட்மியம், அங்கே பல தோட்டங்களில் 100 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது 1970களின் இறுதியில் தெரியவந்தது. எனினும் சப்பானின் சின்சூ ஆற்றுப்படுகையில் மாசடைந்த அரிசியால் பரவிய இதாய்-இதாய் நோய் போன்ற ஒன்று அங்குத் தோன்றவில்லை. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருந்ததும், காட்மியத்துடன் போட்டியிடும் துத்தநாகம் ஏராளமாக இருந்ததும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

குறைக்கும் முறைகள்

அமில மண்ணில் காட்மியம் எளிதில் கரைவதால், சுண்ணாம்பிடுதல் பரவலாகக் கையாளப்படுகின்றது. தொழுஉரமும் உலோகத்தை ஓரளவு பிணைத்து வைக்கும். நன்கு கழுவினால் இலைமேல் படிந்த ஈயத் தூசி பெரிதும் நீங்கும். இலைக்குள் சென்ற காட்மியம் கழுவினாலும் போகாது.