மின்மாற்றியும் லயத்து விளக்கும்

அருவிகள் மலிந்த ஊவா மாகாணத்தில் நீர்வலுவுக்குக் குறைவில்லை. மின்கம்பி மலையேறுமுன்னரே ஓடைநீரின் விசையால் இயந்திரஞ் சுழற்றிய தேயிலைத் தொழிற்சாலைகள் பல. 2024 இல் உமாஓயா நீரினின்றும் 120 மெகாவாற்று மின்வலுப் பெறும் நிலையமும் இம்மாகாணத்தில் திறக்கப்பட்டது. எனினும், ஆக்கிய மின்சாரத்தைச் சிந்தாமற் காத்தலும் ஆக்குதலை ஒத்த அரும்பணியே. அப்பணியின் வரலாற்றை மின்மாற்றி என்னுங் கருவியிற் காணலாம்.

1831 இல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். 1885 இல் புடாபெஸ்ட் நகரில் சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, தேரி என்னும் மூவர் மூடிய இரும்பகமுடைய மாற்றியைச் சமைத்தனர். மின்னழுத்தத்தை இருமடங்காக்கின், அதே வலுவைக் கொண்டுசெல்லுங் கம்பியில் வெப்பமாய் வீணாவது காற்பங்காகக் குறையும். மலையிற் பிறக்கும் மின்சாரம் தொலைநகரை அடைய வழிபிறந்தது இதனாலேயே. ஈழத்தில் விமலசுரேந்திரா 1918 இல் நீர்மின் திட்டத்தைப் பொறியியலாளர் முன் எடுத்துரைத்தார். இலக்சபானா நிலையம் 1950 இல் இயங்கலாயிற்று.

ஆயின், கம்பியின் இழப்பைக் குறைக்க வந்த மாற்றி தானும் ஒரு பங்கை உண்ணும். அதன் சுருளில் நேரும் இழப்பு சுமையின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும். சுமை நீங்கின் பெரும்பாலும் நீங்கும். இரும்பகத்தின் இழப்போ, மின்தொடர்பு உள்ளவரை இரவும் பகலும் ஓயாது. சுழிமின்னோட்டத்தைத் தடுக்க இரும்பகத்தை மெல்லிய தகடுகளாய் அடுக்கினர். காந்தத் தயக்கத்தாலாகும் இழப்பைக் கணிக்கும் விதியை 1892 இல் ஸ்டைன்மெற்ஸ் வகுத்தார். ஹாட்பீல்டின் சிலிக்கன் உருக்கும், பின்னர் 1934 இல் கொஸ் காப்புரிமை பெற்ற, மணிகள் ஒரே திசைப்பட்ட உருக்கும் அவ்விழப்பை மேன்மேலுங் குறைத்தன. அண்மைக்காலத்துப் படிகமற்ற உலோக அகமோ, அதனை ஏறக்குறைய மூன்றிலொரு பங்காக்கியது.

இஃது எமது தோட்டங்களுக்கு எவ்வாறு பொருந்தும்? லயங்களுக்கு மின்சாரம் வழங்கும் மாற்றி மாலையிற் சில மணி நேரமே பெருஞ்சுமை தாங்கும். ஏனைப்பொழுதில் பெரிதும் வீணே விழித்திருக்கும். அதன் இரும்பிழப்பு 200 வாற்று எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 4.8 அலகு மின்சாரம் அழியும். 40 வாற்று விளக்கொன்று 4 மணி நேரம் எரிய 0.16 அலகு போதும். ஆகவே, யாருங் காணாது மறைவது 30 விளக்குகளின் ஒளி! சிறந்த அகத்தை இடின், அவற்றுள் 20 விளக்குகள் மீளும்.

தொழிற்சாலை மின்னொளியில் திகழ, அருகிருந்த லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் பாடம் பயின்றோர் எம் தலைமுறையிற் பலர். அவர்க்கு முப்பது விளக்கென்பது வெறுங் கணக்கன்று. மாற்றி வாங்குவோர் அன்றைய விலையை மட்டும் நோக்காது, அது வாழ்நாளெல்லாம் விழுங்குவதையும் எண்ணுக. சுமைக்கேற்ற அளவினதையே தெரிந்து நிறுவுக. ஆக்கத்திற்கு விழா எடுக்கும் நாம், காத்தலையுங் கற்போமாக.