துரைசாணிமாருக்கும் பிள்ளைகளுக்கும்

கொழும்பு காலிமுகத்திடலில், கடலை ஒட்டிய நடைபாதை ஓரமாக ஒரு பழைய நினைவுக்கல் இருக்கிறது. அங்கே பட்டம் விடுகிறவர்களும் கடலை விற்கிறவர்களும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. கல்லில் உள்ள ஆங்கில வாசகம் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது: காலிமுக நடைபாதை, சேர் ஹென்றி வார்டினால் 1856 இல் தொடங்கப்பட்டு 1859 இல் நிறைவுற்றது, கொழும்பின் சீமாட்டிகளினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி, அவருக்குப் பின் பதவிக்கு வருவோரின் பொறுப்பில் விடப்படுகிறது.

சில வருடங்களுக்கு முன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'லேடீஸ்' என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினேன். பெண்கள் என்று சொன்னால் அது பொய். சீமாட்டிகள் என்றால் அம்மாவுக்கு அது கதைப் புத்தகச் சொல். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அம்மாவே கேட்டார்:

"துரைசாணிமாருக்குன்னு எழுதியிருக்கானா?"

தோட்டத்துத் துரையின் மனைவிக்கு மலையகத்தில் வழங்கும் சொல் அது. அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அம்மாவுக்கும் அந்த நடைபாதைக்கும் பழைய உறவு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் வார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

திடல் வார்டுக்கும் முந்தியது. கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் எதுவும் மறைக்கக்கூடாது என்று ஒல்லாந்தர் வெட்டவெளியாக வைத்திருந்த நிலம் அது. ஆங்கிலேயர் வந்த பிறகு அங்கே குதிரைப் பந்தயம் ஓடியது. பீரங்கி, குதிரை என்று ஆண்களின் காரியங்களுக்கே பயன்பட்ட வெளியில் முதன்முதலாகப் பெண்களை மனதில் வைத்து ஒரு திட்டம் போட்டவர் வார்ட் என்பதை மறுக்க முடியாது. மாலையில் குதிரை வண்டியில் வந்து இறங்கி, கடற்காற்றில் நடந்து, நாலு பேரைக் கண்டு பேசிப் போவதற்கு ஓர் இடம். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த வெள்ளைக்காரப் பெண்களுக்கு அது தேவையாகத்தான் இருந்திருக்கும். அதை நான் ஏளனம் செய்யவில்லை.

ஆனால் 1855 முதல் 1860 வரையான வார்டின் ஆட்சிக்காலம் கோப்பியின் காலம். கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் ரயில் பாதைக்கு 1858 இல் முதல் மண் வெட்டியவரும் அவர்தான். அதே வருடங்களில், தமிழகக் கிராமங்களிலிருந்து கூலிக்கு அழைத்து வரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கொழும்பின் சீமாட்டிகள் மாலை நடைக்குப் போன நாட்களில் அவர்கள் நடந்த நடை இது. வார்ட் 1860 இல் சென்னைக்கு ஆளுநராக மாற்றலாகிப் போனார். போன சில வாரங்களிலேயே அதே வாந்திபேதியில் இறந்தார். சென்னையில் கடலோர உலாப்பாதை வருவதற்கு இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. 1880களில் கிராண்ட் டஃப் என்ற ஆளுநர் அதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார்.

கல்லில் உள்ள 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்கு வருகிறேன். கைக்குழந்தை தானாக உலாப் போகாது. யாராவது அதைத் தூக்க வேண்டும், வண்டியில் வைத்துத் தள்ள வேண்டும், அழுதால் சமாதானம் சொல்ல வேண்டும். காலனியக் கொழும்பில் அந்த வேலையைச் செய்தவர்கள் ஆயாமார். அப்படியானால் அந்த நடைபாதையில் முதல் நாளிலிருந்தே இன்னொரு வகைப் பெண்ணும் நடந்திருக்கிறாள். அவளுக்கு அது வேலைத்தளம். கல்லில் அவளுக்கு இடமில்லை என்றாலும் பிள்ளைகள் என்று எழுதும்போதே அவளையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

என் அம்மா 1968 இல், பன்னிரண்டு வயதில், அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். லயத்தில் வாய்கள் அதிகம், சம்பளம் குறைவு. மலையகத்தில் இந்தக் கதை இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கும் அம்மாவுக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். பின்னேரம் நாலரைக்கு இருவரையும் திடலுக்குக் கூட்டிப் போக வேண்டும், ஆறு மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும். எட்டு வருடம் இதுதான். 1976 இல் கல்யாணத்துக்காக ஊருக்குத் திரும்பினார்.

கொழும்பைப் பற்றி அம்மா சொல்லும் கதைகளில் பாதி திடலில்தான் நடக்கும். சிரித்துச் சிரித்துச் சொல்வார். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் விரித்து வைத்த குடைகள், "குடைக்கு அடியில நாலு கால் மட்டும் தெரியும்." ஆகஸ்ட் மாதத்துக் காற்றில் அறுந்து ஹோட்டல் பக்கம் போன பட்டங்கள். இறால் வடைக்காரர் சின்னவளுக்குச் சும்மா கொடுத்த வடைத் துண்டு. நான் சின்ன வயதில் இதையெல்லாம் கேட்டு, அம்மா ஒரு பெரிய சுதந்திரத்தை அனுபவித்ததாக நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கதைகளில் அம்மா எப்போதும் நின்றுகொண்டே இருந்தார். இரண்டு சோடிச் செருப்பைக் கையில் பிடித்தபடி, சின்னவள் படியிறங்கித் தண்ணீருக்குப் போகிறாளா என்று பார்த்தபடி.

"எட்டு வருசம் கடலப் பாத்தேன். ஒரு நாளும் கால நனைக்கல" என்றார் ஒருமுறை. நோனா வேண்டாம் என்று சொன்னாரா என்று கேட்டேன். "யாரும் சொல்லல. நான் தண்ணில நின்னா புள்ளைகளயாரு பாக்குறது?" உட்காரவாவது செய்தீர்களா என்றால், "ஒக்காரணும்னே தோணல புள்ள" என்றார். எந்தத் தடையைப் பற்றிக் கேள்விப்பட்டபோதும் எனக்கு இத்தனை கோபம் வந்ததில்லை. உட்கார வேண்டும் என்று தோன்றாமல் ஒரு பெண்ணை வளர்ப்பதற்கு எத்தனை தலைமுறை வேலை நடந்திருக்க வேண்டும்!

மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011 இல் வெளியிட்ட நூலை வாசித்தபோது அம்மாவின் செருப்புகள்தான் நினைவுக்கு வந்தன. காரணம் எதுவும் இல்லாமல் பொதுவெளியில் சும்மா இருப்பதும் பெண்ணின் உரிமை என்பது அவர்கள் வாதம். ஒரு பெண் வெளியே நிற்பதற்குக் கையில் ஒரு வேலை வேண்டும்: பள்ளிப் பை, மரக்கறிக் கூடை, யாரோ ஒருவரின் குழந்தை. அம்மாவிடம் இரண்டு குழந்தைகள் இருந்தன. அதனால் யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த எட்டு வருடமும் அம்மாவுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. இலங்கையில் பெண்கள் 1931 இலேயே வாக்களித்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். பெண்கள் வாக்குரிமைச் சங்கம் 1927 இல் தொடங்கி அதற்காக உழைத்தது. 1932 இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து சட்டசபைக்குப் போனார். ஆனால் 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. மறு வருடம் வாக்கும் போனது. திடலின் வடக்கு எல்லையில், 1930 இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடம் நிற்கிறது. அந்தச் சட்டங்கள் நிறைவேறியது அதற்குள்தான். அம்மா தினமும் அதற்கு எதிரே நின்று செருப்புக் காவல் காத்திருக்கிறார்.

அதே கட்டடத்தின் எதிரேதான் 1956 ஜூன் 5 அன்று, சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகம் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கும்பல் அடித்தது. 2009 ஜூனில் போர் வெற்றி அணிவகுப்பு நடந்ததும் அந்தத் திடலில். 2016 சுதந்திர தின விழாவில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேசிய கீதம் தமிழில் பாடப்பட்டதும் அங்கேதான். இந்த நிகழ்வுகளைத் தனித்தனியாகப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கும் திடலில் ஒரு பங்கு உண்டு. போரின் கடைசி வருடங்களில் நான் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிப் படித்தேன். அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி. ஒரு மாலை கடலைப் பார்க்கலாம் என்று போனேன். சோதனைச் சாவடியில் மூன்று கேள்விகள்: எங்கிருந்து, யாரைச் சந்திக்க, எதற்கு? முதல் இரண்டுக்கும் பதில் இருந்தது. மூன்றாவதற்கு, காற்று வாங்க என்றேன். அது ஒரு பதிலாகவே எடுபடவில்லை. பையைக் கொட்டிப் பார்த்தார்கள். திரும்பிப் போகச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவை நினைத்தேன். கையில் ஒரு பிள்ளை இருந்திருந்தால் விட்டிருப்பார்கள்.

திடலை இழக்கவிருந்த கதையை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். 2003 அளவில், அங்கே பெரும் கேளிக்கை வளாகம் ஒன்று அமைக்க அதை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் ஏற்பாடு நடந்தது. ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று ஒரு சுற்றாடல் அமைப்பு கேட்டது. நகர அபிவிருத்தி அதிகார சபை காட்ட மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2005 இல் வந்த தீர்ப்பு குத்தகை செல்லாது என்றது. கருத்துச் சுதந்திரத்துக்குள்ளேயே தகவல் பெறும் உரிமையும் அடக்கம் என்றும் சொன்னது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2016 இல். அதற்குப் பதினொரு வருடம் முன்பே அந்த உரிமைக்கு வழி பிறந்தது, ஒரு புல்வெளியை என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்வியிலிருந்து. ஒரு பூங்காவின் திட்டத்தை மூடி வைத்தால் முதலில் விடுபட்டுப்போவது எது? மலசலகூடம், தண்ணீர்க் குழாய், இரவு வெளிச்சம், கடைசி பஸ். திடலுக்குப் போகிற நாளில் மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கொம்பனித்தெருச் சந்துகளிலிருந்து பிள்ளைகளோடு வரும் பெண்களிடம் கேட்டிருந்தால் இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் பட்டியல் போட்டிருப்பார்கள். அந்த ஒற்றை அறை வீடுகளில் இருப்பவர்களுக்குத் திடல்தான் முன்கூடம்.

2022 ஏப்ரல் 9 அன்று மக்கள் திடலில் கூடாரம் போட்டு, அதற்குக் கோட்டா கோ கம என்று பெயரும் வைத்தார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. சமையல் வாயுவுக்கு வரிசை. அந்த வரிசையில் நின்ற கால்கள் பெரும்பாலும் யாருடையவை என்று இந்தப் புத்தகத்தை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் கைக்குழந்தைகளோடு இரவு பத்து மணிக்கும் திடலில் இருந்தார்கள். நூலகம் இருந்தது, சமையற்கூடம் இருந்தது. மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிர்ந்தார்கள். போரின் கடைசி நாட்களில் மக்களை உயிரோடு வைத்திருந்த, அரிசியும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி. பதின்மூன்று வருடம் முன் வெற்றி அணிவகுப்புப் போன நிலத்தில் அதை வாங்கிக் குடித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்றைக்கும் நான் நம்பவில்லை. ஆனால் குடிக்கும்போது கை நடுங்கியது.

அம்மாவையும் ஒரு நாள் கூட்டிப் போனேன். உட்காருங்கள் என்று பாய் விரித்தேன். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை. தேடினால் சமையற்கூடத்தில், முன்பின் தெரியாத இரண்டு சிங்களப் பெண்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கொள்ளுப்பிட்டியில் படித்த சிங்களம் சரளமாக வந்தது. எனக்கு எரிச்சல். "இங்க வந்தும் வேலயாம்மா?" என்றேன். "இது யாரு சொல்லிச் செய்யிறது? நானா செய்யிறேன்" என்றார். ஒரு பெண்ணியக் கட்டுரைக்கு இது வசதியான பதில் இல்லை.

ஜூலை 22 விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களை அகற்றினார்கள். அடுத்த வருடம், திடல் இனிப் பொதுமக்களின் ஓய்வுக்கே என்று அரசாங்கம் அறிவித்தது. வார்டின் கல்லை வாசித்துவிட்டு எழுதியது போலிருந்தது. ஓய்வும் வேண்டும்தான். ஆனால் யாருடைய ஓய்வு என்று கேட்டால், திடலின் விளிம்பிலிருந்து கடலைப் பார்த்தால் போதும். 2014 இல் தொடங்கிக் கடலை நிரப்பி எழுப்பிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் பார்வையின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. திடலின் பரப்பு ஐந்து ஹெக்டேயர்.

போன தைப்பொங்கலுக்கு மறுநாள் மீண்டும் போனோம். ஞாயிற்றுக்கிழமை போலக் கூட்டம். முக்காடிட்ட பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரியாணிப் பொதி பிரித்தார்கள். குடைகள் அப்படியே இருந்தன. அம்மா கல்லைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டருகே நின்றார். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"புடி. பத்ரமா வச்சிரு."

சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மூன்றாம் படியில் அலை வந்தது. பயந்து ஒரு சத்தம் போட்டார், பிறகு சிரித்தார். இறால் வடை வாங்கி வைக்கச் சொல்லி அங்கிருந்தே கத்தினார். நான் செருப்போடு வரிசையில் போய் நின்றேன்.