புதுச் சடைப்புரி: வளர்ப்பும் பராமரிப்பும்

சடைப்புரி என்பது தலைமுடி வாரப்படாமல் தனக்குள் சிக்கிக்கொண்டு, நாளடைவில் இறுகிக் கயிறாகத் திரண்ட கற்றை. உலக வழக்கில் ட்ரெட்லாக்ஸ் என்றும், அணிவோர் பேச்சில் சுருக்கமாக லாக்ஸ் என்றும் வழங்குகிறது. முடியைப் பிரித்து முறுக்கிய நாளிலிருந்து, தண்ணீர் பட்டாலும் அவிழாத உறுதியைப் புரிகள் பெறுவதற்குப் பொதுவாக ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகும். அந்த இடைக்காலப் பராமரிப்பே இக்கட்டுரையின் பொருள். திரள்வது முடியின் வேலை; அணிபவருக்கு உள்ள வேலை தலையைச் சுத்தமாகவும் ஈரமின்றியும் வைத்திருப்பதும், வேரை இழுக்காமல் இருப்பதும்தான். சடைக்கென்றே கடைகளில் விற்கும் டப்பாக்களில் பாதி இதற்குக் குறுக்கே நிற்பவை.

பின்னணி

சடை வளர்க்கும் வழக்கம் பல நாடுகளில் தனித்தனியே இருந்துவருகிறது. நமீபியாவின் ஹிம்பா பெண்கள் தம் புரிகளில் செம்மண் பொடியையும் வெண்ணெயையும் குழைத்துப் பூசுகின்றனர். செனகல் நாட்டில் பாய் ஃபால் எனப்படும் சூஃபி அடியார்கள் சடை வளர்க்கின்றனர். சிவனைச் சடையன் என்று அழைக்கும் தமிழருக்குச் சாமியார் சடை புதிதன்று. இலங்கையின் கதிர்காமத்தில் சடை விழுந்த பெண் துறவியரை ஆராய்ந்து மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981இல் வெளியிட்ட ‘மெடூசாஸ் ஹேர்’ என்ற நூல் இத்துறையில் முக்கியமானது.

இன்றைய ட்ரெட்லாக்ஸ் உலகெங்கும் பரவியதற்கு ஜமைக்காவே காரணம். 1930 நவம்பர் 2 அன்று ஹைலி செலாசி எத்தியோப்பியப் பேரரசராக முடிசூட்டப்பட்டதை ஒட்டி அங்கே ராஸ்தஃபாரி இயக்கம் எழுந்தது. விவிலியத்தின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் நசரேய விரதம் பூண்டவர் தலையில் கத்தி படலாகாது என்று வரும் விதியைச் சடைக்கு ஆதாரமாக ராஸ்தாக்கள் காட்டுவர். 1970களில் பாப் மார்லியின் ரெகே இசையோடு சேர்ந்து சடையும் உலகம் சுற்றியது. அமெரிக்காவில் வேலையிடங்களிலும் பள்ளிகளிலும் சடையைக் காரணம் காட்டி விலக்கிவைப்பதைத் தடுக்கும் ‘கிரவுன்’ சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் கலிஃபோர்னியா; ஆண்டு 2019.

திரளும் விதம்

தலையிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. வாரும் தலையில் இவை சீப்போடு போய்விடும். சடையில் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, வளரும் முடிகளைச் சுற்றிக்கொள்கின்றன. புரி தடிப்பதும் கெட்டிப்படுவதும் பெரும்பாலும் இந்த உதிர்முடியால்தான்.

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி குறுக்குவெட்டில் தட்டையான நீள்வட்டமாக இருப்பதால் இறுகச் சுருள்கிறது. சுருள் சுருளோடு எளிதில் பின்னிக்கொள்கிறது. நேர்முடிக்கு இந்த வசதி இல்லை. அதனால் தெற்காசியர் பலருக்கும் ஐரோப்பியருக்கும் சீப்பால் வேரை நோக்கி எதிர்வாரிச் சிக்கலாக்கியோ, 0.5 மி.மீ. அளவுள்ள மெல்லிய குரோஷே ஊசியால் முடியை உள்ளிழுத்தோ புரி தொடங்கப்படுகிறது. சுருள்முடிக்குச் சீப்பின் முனையால் சுருட்டுவதும், இரட்டை முறுக்குப் போடுவதும் போதும். சடை அமைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு லாக்டிஷியன் என்று பெயர்.

முதல் மூன்று மாதங்களில் புரி வெறும் முறுக்குதான். அழுத்தித் தேய்த்தால் அவிழ்ந்துவிடும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் மொட்டு விடத் தொடங்கும். புரியின் நடுவே அல்லது நுனிக்குச் சற்று மேலே இரு விரலால் உருட்டிப் பார்த்தால் பட்டாணி அளவில் மெத்தென்று ஒரு முடிச்சு தட்டுப்படும். உள்ளே சிக்கல் விழுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த முடிச்சை நசுக்கவோ நீவித் தட்டையாக்கவோ கூடாது.

அடுத்து வருவது பதின்பருவம் என்று அணிவோர் கேலியாகச் சொல்லும் காலம். புரிகள் வீங்கும், ஆளுக்கொரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், பிசிறு கிளம்பும். முடி உள்ளுக்குள் மடிந்து திரள்வதால் தலைமுடியின் நீளமே குறைந்தாற்போல் தெரியும். கண்ணாடியைப் பார்த்து மனம் தளர்ந்து, மாதம் நான்கு முறை முறுக்கி அடக்கப் பார்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் வேரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிசிறு என்பது இன்னும் புரிக்குள் போகாத முடி. விட்டால் தானே போகும். ஓராண்டுக்குப் பின் புரி விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும், கனத்தால் கீழ்நோக்கித் தொங்கும். இதுவே முதிர்ச்சி.

அலசுதல்

சடையைக் கழுவக் கூடாது என்பது பரவலான தவறான எண்ணம். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த முடி வழுக்கும். சுத்தமான முடிதான் ஒன்றையொன்று பற்றும். புரி போட்ட முதல் இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் படாமல் விடலாம். பிறகு வாரம் ஒருமுறை அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை அலசுவது நல்லது. தொடக்க மாதங்களில் நைலான் வலைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு அதன் மேலாகவே அலசினால் முறுக்கு கலையாது.

ஷாம்பூவைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து உச்சந்தலையில் ஊற்றி, நகம் படாமல் விரல் நுனியால் தோலைத் தேய்க்க வேண்டும். புரிகளைத் தனியே கசக்க வேண்டியதில்லை. வழிந்தோடும் நுரையே போதும். தேய்ப்பதைவிட அலசுவதற்கு இரு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். பிழிந்தால் வரும் நீர் தெளிவாக இருக்கும்வரை நிறுத்தக் கூடாது. உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் சோப்புக் கட்டி ஆகாது. நீரிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிப் புரிக்குள் தங்கிவிடும். சீயக்காய்த் தூளும் அரப்பும் அப்படித்தான்: வாரும் தலையில் சீப்போடு வந்துவிடும் துகள், சடையில் வெளியே வராது. சீயக்காய்தான் வேண்டும் என்பவர் அதைக் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்தலாம். வழுக்கலைத் தரும் கண்டிஷனர் புதுச் சடைக்கு வேண்டாம்.

அலசுவதைவிட முக்கியம் உலர்த்துவது. தடித்த புரியின் மேற்புறம் காய்ந்த பிறகும் உட்புறம் பல மணி நேரம் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு படுத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கிறது. ஈரச் சாக்கின் வாடை அடிப்பதும், காய்ந்தபின் மறையும் அந்த வாடை மறுபடி நனைந்ததும் திரும்புவதும் இதன் அறிகுறிகள். ஆகவே காலையில் குளிப்பதே முறை. மைக்ரோஃபைபர் துண்டால் ஒவ்வொரு புரியாகப் பிழிந்து, வெயிலிலோ மிதமான சூட்டில் டிரையராலோ காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் டிரையர் இல்லாமல் தடித்த சடை வளர்ப்பது சிரமம். பூஞ்சணம் ஆழமாக இறங்கிவிட்ட புரியை வெட்டுவதைத் தவிர வழியில்லை.

வேர் முறுக்குதல்

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது, அந்தப் புதுமுடி புரியில் சேராமல் வேரில் பறந்துகொண்டிருக்கும். அதைச் சேர்க்கும் வேலைக்கு ரீட்விஸ்ட் என்று பெயர். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். முடி இலேசான ஈரத்தில் இருக்கும்போது அந்தந்தப் புரிக்கு உரிய புதுமுடியை மட்டும் சேர்த்து, வேரருகே ஒரு திசையில் முறுக்கி, கிளிப் மாட்டிக் காயவிடுகிறார்கள். பிறகு புரியை இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மேலிருந்து கீழாக உருட்டுவது வழக்கம். திசையை மட்டும் மாற்றக் கூடாது. வலப்பக்கம் உருட்டியதை அடுத்த மாதம் இடப்பக்கம் உருட்டினால் போட்ட முறுக்கு அவிழும். இன்னொரு முறை இன்டர்லாக்கிங்: புரியின் நுனியைக் கொக்கியால் வேர்முடியின் ஊடாக நுழைத்து இழுப்பது. இதில் நேர்மாறாக, நுழைக்கும் திசையை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வேரில் ஓட்டை விழும்.

இறுக்கமே இங்கே ஆபத்து. முறுக்கிய இரவு தலையணையில் தலை வைக்க வலித்தாலோ, வேரோரம் சிறு வெள்ளைக் கொப்புளம் தோன்றினாலோ உடனே தளர்த்த வேண்டும். தொடர் இழுப்பால் நெற்றியோரமும் காதோரமும் முடி கொட்டுவது இழுவை வழுக்கை எனப்படும். 1907இல் கிரீன்லாந்துப் பெண்களிடம் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நிலை, தொடக்கத்தில் தளர்த்தினால் சரியாகும். வேர்ப்பை தழும்பாகிவிட்டால் முடி மீளாது. புரிகளை இழுத்துக் கொண்டை போடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

பூச்சுகள்

தேன்மெழுகு கலந்த சடை மெழுகே இத்துறையின் மிக மோசமான சரக்கு. தேன்மெழுகு உருக 62 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். அத்தனை சூடான நீரை எந்தத் தலையும் தாங்காது. தண்ணீரிலும் அது கரையாது. ஆகவே தடவிய மெழுகு உள்ளேயே தங்கி, தூசியைப் பிடித்து, ஈரத்தையும் அடைத்துவைக்கிறது. பெட்ரோலியம் ஜெல்லியும் இதே வகைதான். முறுக்குக்குப் பிடிப்பு வேண்டுமானால் நீரில் கழுவினால் போய்விடும் கற்றாழைச் சாறு போதும். ஜமைக்காவில் முடிக்குக் கற்றாழை தேய்ப்பது பழைய வழக்கம். அங்கே வறுத்த ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெயும் பெயர் பெற்றது. ஆனால் அது மிகக் கெட்டியானது. தோல் வறண்டால் சில சொட்டு மட்டும் உச்சந்தலையில் தொட்டுவைக்கலாம். நம் ஊர் வழக்கப்படி தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைப்பது புதுச் சடைக்குப் பொருந்தாது. நேர்முடிக்காரர்கள் கடலுப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். வழுக்கலைக் குறைக்க அது உதவும், அடிக்கடி தெளித்தால் முடி வறண்டு முறியும்.

அன்றாடக் கவனிப்பு

இரவில் சாட்டின் தொப்பி அணிய வேண்டும் அல்லது சாட்டின் உறையிட்ட தலையணையில் படுக்க வேண்டும். பருத்தி உறை முடியின் ஈரப்பசையை உறிஞ்சும். அதன் பஞ்சுப்பிசிறு கறுத்த புரியில் வெள்ளையாகத் தெரியும். நுனியில் ஒட்டியதைச் சாமணத்தால் எடுக்கலாம். உள்ளே போனது வராது. சாயம் போட்டு மறைப்பவர்களும் உண்டு.

ஒவ்வொரு அலசலுக்குப் பின்னும் அடுத்தடுத்த புரிகளின் வேர்முடியை விரலால் பிரித்துவிட வேண்டும். இதைச் சில மாதம் மறந்தால் இரண்டு மூன்று புரி அடியில் ஒன்றாகிவிடும். வேண்டுமென்றே அப்படி விடுபவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். பேன் சடைக்கு மட்டும் வருவதன்று, எந்தத் தலைக்கும் வரும். ஆனால் சடையில் பேன்சீப்பு ஓடாது, மருந்துதான் போட வேண்டும். செதில், சிவப்பு, வட்டமான முடியுதிர்வு ஆகியவை கண்டால் எண்ணெய் மாற்றிப் பார்ப்பதை விட்டு, தோல் மருத்துவரிடம் காட்டுக.

சடையைக் களைய மொட்டையடிக்க வேண்டும் என்பது சரியன்று. வழுக்கலான கண்டிஷனரை ஊறவைத்து, நுனியிலிருந்து வேரை நோக்கி ஊசியாலும் வால்சீப்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கலாம். முதிர்ந்த தலைக்குப் பல நாள் வேலை அது. அவிழ்க்கும்போது கொத்துக் கொத்தாகக் கையோடு வரும் முடி, சடை போட்ட நாள் முதல் உதிர்ந்து உள்ளே தங்கியிருந்த முடியே.