அமைதியற்ற கால்கள் நோய்க்குறி: மருந்துச் சிகிச்சையின் வரலாறு

அமைதியற்ற கால்கள் நோய்க்குறி ஒரு நரம்புக் கோளாறு. படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலவும் குடைவது போலவும் இருக்கும். அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் எழும். எழுந்து நடந்தால் தணியும், இரவில் கூடும். கால் உளைச்சல், குடைச்சல் என்று பொதுவாகச் சொல்லப்படும் தொல்லைகளில் இதுவும் கலந்துவிடுவதால், பலர் சிகிச்சையின்றியே தூக்கம் இழக்கின்றனர்.

தொடக்கம்: 1672இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இத்தொல்லையை விவரித்து, அபின் கலந்த மருந்து கொடுத்தார். 1945இல் ஸ்வீடனின் கார்ல் ஆக்செல் எக்போம் இதைத் தனி நோயாக வரையறுத்தார். 1953இல் அதே நாட்டின் நோர்ட்லாண்டர் இரும்புச்சத்தைச் சிரை வழியே செலுத்திப் பலன் கண்டார்.

டோபமின் காலம்: 1937இல் தாமோதரன், ராமசாமி இருவரும் சென்னையில் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். மூளையில் டோபமின் என்னும் நரம்புச் செய்திப் பொருளாக மாறும் அது பின்னாளில் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தானது. 1982இல் துருக்கியின் அக்பினார் அதையே இந்நோய்க்கும் பயன்படுத்தினார். அமெரிக்காவில் டோபமினைப் போலச் செயல்படும் மருந்துகளான ரோபினிரோல் 2005இலும் பிரமிபெக்சோல் 2006இலும் இதற்கென அனுமதி பெற்றன. ஆரம்பத்தில் விரைவாக நிவாரணம் தந்த இம்மருந்துகள், நாளடைவில் பலருக்கு நோயையே வளர்த்தன: தொல்லை மாலைக்கு முன்பே தொடங்கியது, கைகளுக்கும் பரவியது. சிலர் சூதாட்டம் போன்ற கட்டுப்படுத்த இயலாத பழக்கங்களுக்கும் ஆளாயினர்.

இன்று: 2025இல் வெளியான அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் நெறிமுறை, டோபமின் வகை மருந்துகளை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. காபாபென்டின், பிரீகாபலின் வகை மருந்துகளையும், தேவைப்படுவோருக்குச் சிரை வழி இரும்புச்சத்தையும் முன்வைக்கிறது. மூளையில் டோபமின் உருவாக இரும்பு வேண்டும் என்பதே இரும்புச்சத்து தருவதன் அடிப்படை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓரத்தில் கிடந்த நோர்ட்லாண்டரின் வழி இவ்வாறு முன்வரிசைக்கு வந்துள்ளது.

சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு: தறியும் கரிசல் வேளாண்மையும் சார்ந்த இப்பகுதிக்கு இந்த மாற்றம் மிக முக்கியமானது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு, பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை உண்டு. கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் இந்நோய் மிகுதியாகத் தோன்றும். ஹீமோகுளோபின் சரியாக இருப்பவருக்கும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். ஆகவே இரவில் கால் குடைச்சலோடு வருபவருக்குத் தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ எழுதுமுன் ஃபெரிட்டின் பரிசோதனை செய்வதே முறை. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு போன்றவை இந்நோயைத் தூண்டக்கூடும் என்பதால், உட்கொண்டுவரும் மருந்துகளையும் கேட்டறிய வேண்டும்.