1928ல ரெண்டு நீராவிப் படகு

மிக்கி மவுஸ் படகோட சக்கரத்தைப் பிடிச்சிக்கிட்டு, ஆடிக்கிட்டே விசிலடிக்கிற கறுப்பு வெள்ளைத் துண்டை எல்லாரும் பாத்திருப்பீங்க. 'ஸ்டீம்போட் வில்லி'. 1928 நவம்பர் 18ல நியூயார்க் காலனி தியேட்டர்ல வந்த படம். அதே வருஷம் மே மாசம் பஸ்டர் கீட்டன் நடிச்ச 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' வந்திருந்தது. பேரைப் பாத்தாலே சேதி புரிஞ்சிருக்குமே :-)

எனக்கு இந்த ரெண்டு படத்தையும் விட, அதை எடுத்த ரெண்டு பேர் கதை தான் ரொம்ப உறுத்துது.

அதுக்கு முன்னாடி டிஸ்னி 'ஆஸ்வால்ட்'னு ஒரு முயல் படம் எடுத்துக்கிட்டு இருந்தார். நல்லா ஓடிச்சு. 1928 ஆரம்பத்துல கூடக் கொஞ்சம் காசு கேக்கலாம்னு நியூயார்க் போனா, சார்லஸ் மின்ட்ஸ் குறைச்சுக்கச் சொல்றார். முயலோட உரிமை யுனிவர்சல் கையில. டிஸ்னிகிட்ட வேலை பாத்த ஓவியர்கள்ல பாதிக்கு மேல மின்ட்ஸ் ஏற்கனவே வளைச்சுப் போட்டாச்சு. மாறாம கூடவே நின்னவர் அப் ஐவெர்க்ஸ். மிக்கியோட முதல் படங்களைப் பெரும்பாலும் வரைஞ்சது இவர் தான். நாம அடிக்கிற கோடெல்லாம் கம்பெனிக்குத் தான் சொந்தம்னு ஆஃபர் லெட்டர்ல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவனுக்கு இது நல்லாவே புரியுது.

மௌனமா எடுத்த முதல் மிக்கி படத்தை வாங்க ஆளில்லை. சரி, சத்தம் சேர்ப்போம்னு இறங்கினாங்க. இங்க தான் நம்ம தொழில் புத்திக்குத் தீனி. ஃபிலிம் ஓடுறது நொடிக்கு 24 பிரேம். 12 பிரேமுக்கு ஒரு தாளம்னு வச்சா நொடிக்கு ரெண்டு தட்டு. வில்ஃப்ரெட் ஜாக்சன் மெட்ரோனோம் வச்சு இந்தக் கணக்கைப் போட்டுக் குடுத்தார். அப்படியும் நியூயார்க்ல முதல் ஒலிப்பதிவு சொதப்பல். வாத்தியக்காரங்க படத்தோட ஒத்து வரலை. டிஸ்னி தன்னோட காரை வித்து மறுபடியும் பதிவு பண்ணார். இந்தத் தடவை தாளத்தைக் காட்ட ஃபிலிம்லயே அடையாளம் போட்டாங்க. ஒத்து வந்துச்சு.

கீட்டன் கதை நேர் எதிர். அதுவரை சொந்த யூனிட், சொந்த இஷ்டம். புயல் காட்சியில ஒரு வீட்டோட முன்சுவரு முழுசா அவர் மேல சாயும். திறந்திருந்த ஜன்னல் ஓட்டைக்கு நேரா நின்னதால தப்பிச்சார். டூப் இல்லை, டிரிக் இல்லை, ரெண்டு பக்கமும் சில அங்குலம் தான் இடைவெளி. படமோ வசூல்ல ஊத்திக்கிச்சு. அதே 1928ல எம்.ஜி.எம்.க்குப் போனார். சாப்ளின் வேணாம்னு சொல்லியும் கேக்கலை. அங்க ஸ்கிரிப்டை வேற யாரோ எழுதுவாங்க, இவர் நடிக்கணும். தன் வாழ்க்கையிலேயே பெரிய தப்பு அது தான்னு பின்னாடி அவரே சொன்னார்.

ஆஸ்வால்ட் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? 2006ல டிஸ்னி கம்பெனிக்கே திரும்பி வந்துச்சு. பதிலுக்கு அவங்க விட்டுக் குடுத்தது அல் மைக்கேல்ஸ்னு ஒரு விளையாட்டு வர்ணனையாளரை!

கீட்டன் படம் கிடைச்சா கடைசிப் புயலையாவது பாருங்க. சுவரு விழும்போது அந்த ஆள் மூஞ்சியைக் கவனிங்க, ஒரு சின்ன அசைவு கூட இருக்காது.