துளையும் இரண்டு தட்டைகளும்: லெகோ வாகன மாதிரிகளின் தோற்றம் குறித்து ஒரு மறுவாசிப்பு

லெகோ கட்டைகளால் இயங்கும் வாகன மாதிரிகளைக் கட்டும் கலை மெக்கானோ என்ற கட்டுமானப் பொம்மையின் வாரிசு என்பது பொம்மை வரலாற்றில் நிலைபெற்றுவிட்ட கருத்து. லிவர்பூலின் பிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற மெக்கானோவின் துளைத் தகடுகளே மூலம். டென்மார்க்கின் பில்லுண்டில் 1977இல் கட்டையின் பக்கவாட்டில் துளையிட்டவர்கள் அதையே பிளாஸ்டிக்கில் திரும்பச் செய்தார்கள் என்பது அதன் சாரம்.

இக்கருத்துக்கு வலுவான சான்று உண்டு. மெக்கானோவில் 1920களிலேயே கார் சேசிஸ் மாதிரி இருந்தது. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் அதில் இயங்கின. டிஃபரன்ஷியல் பொருத்திய லெகோ சேசிஸ், 8860 எண்ணுள்ளது, 1980இல்தான் வந்தது. அரை நூற்றாண்டு இடைவெளி இருக்கும்போது முந்தியது மூலம், பிந்தியது வழிநூல் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் இரண்டும் ஒரே பொருளைச் செய்தன என்பதைத்தான் இச்சான்று காட்டுகிறது. ஒரே வழியில் செய்தனவா என்பதற்கு உறுப்புகளையே பார்க்க வேண்டும்.

மெக்கானோ தகட்டில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. அதன் உறுதி, முடுக்கிய போல்ட் நட்டில் இருக்கிறது. லெகோவில் நட்டே கிடையாது. அடுக்கிய கட்டைகள் அதிர்வில் கழன்றுவிடாதிருக்க, செங்குத்தாக ஒரு கட்டையை நிறுத்தி, துளைகளில் 'பின்' எனும் முளையைச் செருகிப் பூட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். கட்டையின் மேற்குமிழ்கள் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ளன. பக்கத் துளைகளும் அப்படியே. கட்டையின் உயரமோ 9.6 மில்லிமீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல்துளையும் கீழ்த்துளையும் நிறுத்திய கட்டையின் துளைகளோடு பொருந்தா.

இடையில் இரண்டு தட்டைகளை, அதாவது மெல்லிய கட்டைகளை, வைத்துப் பாருங்கள். தட்டை ஒன்றின் உயரம் 3.2. ஆக 9.6உம் 6.4உம் சேர்ந்து 16. சரியாக இரண்டு துளை இடைவெளி. 8 பல் கியரும் 24 பல் கியரும் கடித்துச் சுழல அவற்றின் அச்சுகளுக்கிடையே வேண்டிய தூரமும் இதே 16தான். சட்டம் பூட்டப்படும் இடத்திலேயே கியரும் பொருந்துகிறது. கட்டையின் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டை 1977க்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. எனவே இந்தக் கணக்கு ஹார்ன்பியின் தகட்டிலிருந்து வந்திருக்க முடியாது. லெகோ கட்டைக்குள்ளேயே இருந்தது, துளை அதை வெளிக்கொணர்ந்தது என்பதே என் வாதம். வடிவமைத்தவர்கள் இதை முன்கூட்டியே எண்ணினார்களா என்பதை அளவுகளை மட்டும் கொண்டு நிறுவ இயலாது. ஆனால் கடன் வாங்கப்பட்டது என்பதற்கு இந்த அளவுகளில் இடமில்லை.

1977இன் 853 எண் கார் சேசிஸையும் இந்த நோக்கில் படிக்க வேண்டும். ஸ்டியரிங், கியர்பாக்ஸ், ஏறியிறங்கும் பிஸ்டன்கள் எல்லாம் உண்டு, மேல்கூடு இல்லை. அதை அரைகுறை மாதிரி என்று கருதுவது தவறு. மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கேபின்கூட இல்லாத வெறும் சேசிஸை டிரைவர் வெயிலில் ஓட்டிவருவதும், பட்டறையில் அதன்மேல் பாடி கட்டுவதும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் ஏற்றுவதும் இங்கே அன்றாடத் தொழில். சேசிஸ்தான் வண்டி, மற்றது பிறகு என்பது இவ்வூர்களின் தொழிலறிவு. 853ஐச் சரியாக வாசிக்க உதவுவதும் அதுவே.

ஆண்டுகளில் சில தீராதவை. லெகோவின் பல்சக்கரத் தொகுப்புக்கு அமெரிக்காவில் 1965, ஐரோப்பாவில் 1970 என இரு தொடக்கங்கள் சொல்லப்படுகின்றன. 1977இல் தொடங்கிய இவ்வரிசைக்கு 'டெக்னிக்' என்ற பெயர் வந்தது 1982இலா 1984இலா என்பதிலும் பதிவுகள் வேறுபடுகின்றன. நாட்டுக்கு நாடு பெயர் மாறிய காலம் வேறு என்பது பொருத்தமான விளக்கமாகலாம். 2000ஐ ஒட்டிக் குமிழற்ற சட்டங்கள் பரவியபின், உயரமும் அகலமும் 8 என ஒன்றாகி, இரண்டு தட்டைகளின் தேவை மறைந்தது. துளைத் தகட்டோடு லெகோ நெருங்குவது உண்மையில் இந்தக் கட்டத்தில்தான். மெக்கானோ மரபைத் தேடுவோர் 1977ஐ விட்டு இங்கே தேடுவது பயன் தரும்.